லேசான ரிம்மும் என் சந்தேகமும்

இன்ஸ்பெக்ஷன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி மேனேஜர் ஆள் அனுப்பிக் கேட்டார். ஓய்வு பெற்றவனிடம் வேறென்ன கேட்பார்கள்? மெஷினை ஓட்டுவதும் படிவத்தை நிரப்புவதும் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கதையில் நான் நல்லவனாகத் தெரிய மாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் கார் ரிம் தொழிற்சாலையில் எனக்குச் சந்தேகப் பேர்வழி என்று பெயர். வீட்டிலும் அதே பெயர்தான். பால் டின்னில் போட்டிருக்கும் தேதியை என் மனைவி பார்த்துவிட்டு வைத்தாலும் நான் எடுத்து ஒருமுறை பார்ப்பேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனுக்கு இந்தப் பிரிவில் வேலை இல்லை என்று உங்களுக்கு முன்னால் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதை இப்போதும் மாற்றிச் சொல்லப் போவதில்லை. சந்தேகப்படுங்கள். எதை, எந்த வரிசையில் சந்தேகப்படுவது என்பதில்தான் நான் கோட்டை விட்டேன்.

ஈப்போவில் எந்த டயர் கடைக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். விற்பவர் ஒரு ஸ்போர்ட் ரிம்மை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டி, லேசாக இருக்கிறது பாருங்கள், ஃபோர்ஜிங் சாமான், ஊற்றாமல் அழுத்திச் செய்தது என்பார். வாங்க வந்தவரும் தூக்கிப் பார்த்துத் தலையாட்டுவார். நான் பக்கத்தில் இருந்தால் ரிம்மைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பேன். அதனால் கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. லேசாக இருப்பது மட்டும் ஒரு பெருமை இல்லை. எதை நம்பி அதை லேசாக்கினார்கள் என்று கேட்க வேண்டும்.

வார்ப்பு ரிம் ஆப்பம் மாதிரி. உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றுகிறார்கள், ஆறினால் ரிம். உள்ளே எங்கே காற்று நின்றது என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பயந்து எல்லா இடத்திலும் கொஞ்சம் கனமாகவே வைப்பார்கள். நம்முடையது ரொட்டி சானாய் மாதிரி. மாவை அடித்து இழுப்பதுபோல, சூடாக்கிய அலுமினியக் கட்டையைப் பெரிய பிரஸ்ஸில் வைத்து அழுத்துகிறோம். உலோகத்தின் இழைகள் ரிம்மின் நடுவிலிருந்து விளிம்புக்கு நீளும் கால்களோடு சேர்ந்து வளைந்து ஓடுகின்றன. விளிம்பை உருளைகளால் இழுத்து மெலிய வைக்கிறோம். பலம் கூடிவிட்டதால் கனத்தைக் குறைக்கலாம். அதுதான் லேசு.

ஆனால் அழுத்திவிட்டால் மட்டும் பலம் வந்துவிடாது. அந்த ரிம்களைக் கூடையில் அடுக்கி, மணிக்கணக்கில் அடுப்பில் வைத்து, சூடு தணிவதற்குள் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். அடுப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே கூடை காற்றில் தொங்குகிறதே, அந்தச் சில நொடிகளில் தாமதம் வந்தால் பிரஸ் கொடுத்த பலத்தில் ஒரு பங்கு போய்விடும். பார்த்தால் தெரியாது. எடை போட்டாலும் தெரியாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இன்ஸ்பெக்ஷன் பிரிவுக்குத் தலைமையாக இருந்த கடைசிக் காலம் அது. பழைய மாடல் ரிம்மை நிறுத்திவிட்டு, கால்கள் இன்னும் மெலிந்த புதிய மாடலைப் போடத் தொடங்கியிருந்தோம். கையில் எடுத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு லேசு. எனக்கு அது பிடிக்கவில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் காகிதத்தைக் காட்டினார். அவர் சீனர், அதிகம் பேச மாட்டார், ஆனால் காகிதம் எப்போதும் தயாராக வைத்திருப்பார்.

மூன்றாவது மாதம் ரிம்மை வளைத்துச் சுழற்றும் சோதனையில் ஒரு ரிம்மின் காலில், அடிப்பகுதியில் விரிசல் விட்டது. ஓட வேண்டிய சுற்றில் பாதிகூட ஓடவில்லை. ஒன்றுதானே என்று விட்டுவிடலாம். நான் விடவில்லை. அதே கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டேன், அதுவும் விரிந்தது. அந்த மாடலில் வெளியூருக்குப் போக வேண்டிய ஒரு கண்டெய்னர் சாமான் கிடங்கில் நின்றது. ஏற்கெனவே ஒரு கண்டெய்னர் கப்பலேறிவிட்டது. எவனோ ஒருவன் பிள்ளை குட்டிகளோடு மலைச்சாலையில் இறங்கும்போது அந்தக் கால் விரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். 

முதலில் கட்டை அனுப்புகிறவர்களைச் சந்தேகப்பட்டேன். கலப்படம் என்று முடிவே கட்டிவிட்டேன். மாதிரி எடுத்து ஆராயக் கொடுத்தோம், கட்டையில் குறை இல்லை. அடுத்து பிரஸ்ஸைச் சந்தேகப்பட்டேன். ரிம்மின் காலை நீளவாக்கில் அறுத்து, மெருகேற்றி, காஸ்டிக் சோடாவில் ஊற வைத்துப் பார்த்தோம். இழைகள் மடிப்பு இல்லாமல், அறுபடாமல், வளைவோடு அழகாக ஓடியிருந்தன. கடினம் பார்க்கும் மெஷினில் ரிம்மைக் காரில் மாட்டும் நடுக்குடத்தை அழுத்தினோம், அதுவும் தேறியது.

எல்லாமே சரி என்றால் ரிம் ஏன் விரிகிறது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுக்குடம் தட்டையாக இருப்பதால் வசதிக்காக அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தோம். அது தடித்த இடம், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெலிந்த கால் அப்படியில்லை, காற்று பட்டதுமே ஆறத் தொடங்கிவிடும். காலிலிருந்து துண்டு வெட்டி அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இறங்கியது. கூடை காற்றில் அதிக நேரம் தொங்கியிருக்கிறது. குறை அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில்தான்.

இதுவரை செய்தது எல்லாம் சரிதான், இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இனிமேல் செய்ததைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுப்பில் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவர் கதவு, இன்னொருவர் கூடையைத் தூக்கும் ஹாய்ஸ்ட். ஹாய்ஸ்ட் ஜமாலுடையது. பத்து வருடப் பழக்கம், கை சுத்தமான வேலைக்காரர். கதவைப் பார்த்தவன் சேகர், என் மனைவியின் தம்பி. சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது வேலையில்லாமல் நின்றவனை நான்தான் சொல்லிச் சேர்த்தேன்.

விரிசல் விட்ட கூடையின் தாளை எடுத்தேன். அதில் ஹாய்ஸ்ட் என்ற இடத்தில் ஜமாலின் பெயர். அவ்வளவுதான், என் புத்தி ஓடத் தொடங்கிவிட்டது. அவருடைய அண்ணன் சிம்பாங் பூலாயில் சாப்பாட்டுக் கடை திறந்திருந்தார். தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று காதில் விழுந்திருந்தது. ஜமால் கொஞ்ச நாளாகப் போனும் கையுமாக இருந்தார். இரண்டு நாள் தாமதமாக வந்தார். போகிற மனிதனுக்கு வேலையில் கவனம் எங்கே இருக்கும் என்று நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் சிரித்தால் மழுப்புகிறார் என்று தோன்றியது, சிரிக்காவிட்டால் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது.

நல்ல கூடைகளின் தாளிலும் அவர் பெயர்தான் இருந்தது. அதை நான் எண்ணவே இல்லை. கெட்டதை மட்டும் எண்ணினேன். இந்த ஒரு வரியை வேண்டுமானால் எங்கேயாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன் எல்லாரும் கூடி நிற்கும்போது, ஜமாலின் முன்னால் வெட்டிய துண்டை வைத்தேன். கூடையைத் தொங்கவிட்டுப் போன் பேசுகிறவனால் ஊரான் உயிர் போகும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஜமால் துண்டைப் பார்த்தார். பிறகு ஒரு கணம் சேகரைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சேகர் தலையைக் குனிந்துகொண்டான். கூட வேலை செய்கிறவனுக்காக வெட்கப்படுகிறான் என்று அதற்கும் நானே விளக்கம் வைத்திருந்தேன்.

மேனேஜர் ஜமாலை அடுப்பிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார். திங்கட்கிழமை நீக்கக் கடிதம் கொடுப்பதாகவும், அதற்குள் எந்தக் கூடைகள் கெட்டவை என்று நான் பிரித்துக் கொடுத்தால் மிச்சத்தை ஏற்றிவிடலாம் என்றும் சொன்னார். கப்பலேறியதில் கெட்டவை இருந்தால் அவற்றையும் திருப்பிக் கூப்பிட வேண்டும்.

இரண்டு நாள் கூடைக்கு ஒன்றாக எடுத்து, காலில் துண்டு வெட்டி அழுத்தினேன். பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. அது எனக்கு முதல் இடறல். கவனமில்லாதவன் எல்லா நாளும்தானே கவனமில்லாமல் இருப்பான்? கெட்ட கூடைகளின் எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். எண்களுக்கு நடுவே இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவாக வந்தது. சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வெள்ளிக்கிழமை. ஒவ்வொன்றும் மத்தியானம், ஒன்றேகாலுக்கும் இரண்டரைக்கும் இடையில் வெளியே வந்த கூடை.

வெள்ளிக்கிழமை அந்நேரத்தில் ஜமால் பள்ளிவாசலில் இருப்பார்.

காலண்டரை மேசையிலேயே போட்டுவிட்டு, கெட்ட கூடைகளின் தாள்களை மறுபடி எடுத்தேன். தாளில் ஜமாலின் பெயரை எழுதியது யார் என்று நான் கேட்கத் தேவையில்லை. சேகரின் எழுத்து எனக்குத் தெரியாதா? எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது, வர முடியாதவருக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். அவருடைய நிரையில் உள்ள ரப்பர் மரங்களையும் சேர்த்து ஓடி ஓடி வெட்டி முடிப்பார். அதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை, மனுசத்தனம் என்றுதான் நினைத்தோம். இங்கேயும் அதையே கொண்டுவந்துவிட்டோம். இரண்டு பேர் இல்லாமல் கூடையை எடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஜமால் தொழுகைக்குப் போகும்போது சேகர் தனியாக நின்று எடுப்பான், ஜமாலின் பெயரைப் போட்டுவிடுவான். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் ஜமால் அவனுக்கு நிற்பார்.

இது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும் என்றும் சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம். வெள்ளிக்கிழமை அடுப்புப் பக்கம் நான் போக மாட்டேன். போனால் பார்க்க வேண்டியிருக்கும். நாலு மணிக்குத் தாள் என் மேசைக்கு வரும். 'பார்த்தேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவேன். கெட்ட கூடை ஒவ்வொன்றின் தாளிலும் என் கையெழுத்து இருந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன் அதை மட்டும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது.

சனிக்கிழமை சேகரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"ஆமா மாமா, நான்தான் எடுத்தேன். கதவத் தெறந்துட்டு அந்தப் பக்கம் ஓடி ஹாய்ஸ்டப் புடிக்கணும், முந்தி மாதிரியே வேகமாத்தான் செஞ்சேன். பழைய ரிம்முக்கு ஒண்ணும் ஆகலயே. எத்தன வருசமா எடுக்குறோம்."

அவன் சொன்னது உண்மை. பழைய மாடலின் தடித்த கால் அந்தத் தாமதத்தைத் தாங்கியது. வருடக்கணக்கில் அதுதான் எங்கள் நல்ல மனசைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எடையைக் குறைத்தபோது அந்தத் தாங்குதலையும் சேர்த்துக் குறைத்துவிட்டோம். கணக்குப் போட்டவர்களுக்குச் சேகர் ஓடுவது தெரியாது, சேகருக்குக் கணக்குத் தெரியாது. இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஜமால் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். சேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் இல்லன்னு அவர் சொன்னா, அப்ப யாருன்னு கேப்பீங்கள்ல. அதான். மாமா, அவர் எப்படியும் அண்ணன் கடைக்குப் போற ஆளுதான். எனக்கு இந்த வேலைய விட்டா வேற இல்ல லா."

இதைச் சொன்னதற்காக அவன் மீது கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் அதற்கு முன்பே எனக்கும் அதே யோசனை வந்துவிட்டது. கெட்ட கூடைகள் எவை என்று தெரிந்துவிட்டது. அவற்றை ஒதுக்கிவிட்டால், போனதைத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டால், யார் உயிருக்கும் ஆபத்தில்லை. கடிதம் ஜமாலுக்குப் போகட்டும், அவருக்குத்தான் கடை இருக்கிறதே. சேகர் தப்புவான், நானும் தப்புவேன், வெள்ளிக்கிழமை என்ற சொல்லே வெளியே வராது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்த யோசனையோடுதான் இருந்தேன். அது மோசமான யோசனை என்று தெரிந்துதான் இருந்தேன்.

என் மனைவி சரோஜாவிடம் சேகர் அதற்குள் அழுதிருந்தான். வாங்கிக் கொடுத்த வேலையை நீங்களே பறிப்பீர்களா என்று அவள் கேட்டாள்.  அப்படியென்றால் அந்த ஜமால் என்ன தப்புச் செய்தார் என்றும் அவளே கேட்டாள்.  அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் காலண்டரையும் தாள்களையும் கொண்டுபோய் வைத்தேன். வெள்ளிக்கிழமைக் கூடைகள் மொத்தமும் உருக்கப் போகட்டும், கப்பலேறியதில் இன்னின்ன எண்களைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்றேன். ஹாய்ஸ்டில் இருந்தது யார் என்று சொன்னேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது யார் என்றும் சொன்னேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். உன் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது என்று மலாயில் சொன்னார். 

சேகருக்கு வேலை போனது. இப்போது தெலுக் இந்தான் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் இருக்கிறான். கல்யாணம் காட்சியில் பார்த்தால் வாங்க மாமா என்பான், அதற்கு மேல் பேச மாட்டான். என்னைத் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள், ஓய்வு பெறும்வரை மெஷின் முன்னால்தான் இருந்தேன். அடுப்பின் நேரத்தை மாற்றி, வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் எந்தக் கூடையும் வெளியே வராதபடி செய்தார்கள். நீங்கள் இன்று அதை ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்துச் செய்துகொண்டிருப்பீர்கள். புதிய மாடலைத் தொடங்கும்போதே யோசித்திருந்தால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது, அவ்வளவு சின்ன மாற்றம் அது.

ஜமாலின் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, திரும்ப அடுப்புக்கு வரச் சொன்னார்கள். அவர் வந்தார். பெயர் மாற்றி எழுத விட்டது அவர் தப்பும்தான் என்று மேனேஜர் எச்சரித்ததைக் கேட்டுக்கொண்டார். மாதக் கடைசிவரை வேலை செய்தார். பிறகு அண்ணன் கடைக்குப் போய்விட்டார். அவர் போகப் போகிறார் என்றுதானே நான் அவ்வளவும் கட்டிப் பேசினேன்? கடைசியில் போக வைத்தது நான்தான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. சிம்பாங் பூலாய்க் கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்துப் போனேன். ஜமால் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை. உட்காருங்கள் என்று சொல்லி, சீனி குறைத்து ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். அது நான் குடிக்கும் விதம் என்று அவருக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியது தப்பு, மன்னித்துக்கொள் என்றேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்து முடித்த பிறகுதான் பேசினார்.

"நீங்க ஏசுனது எனக்குப் பெருசு இல்லண்ணே. வேலை எடத்துல யார்தான் ஏசல? பத்து வருசம் ஒண்ணா நின்னோம். தனியா கூப்பிட்டு, ஜமாலு, என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா சேகரச் சொல்லியிருப்பேனா, மாட்டேனா, எனக்கே தெரியல. ஆனா நீங்க கேக்கல லா."

பக்கத்து மேசையில் யாரோ கூப்பிட்டார்கள். ஆர்டர் எடுக்கப் போய்விட்டார்.